பூத்துப்போன அலுமினியமும் பிடிப்பில்லாத எர்த்தும்

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கீழ்க்காலில், அதாவது நீரில் இறங்கும் பகுதியில், புரொப்பல்லருக்கு ஒரு சாண் மேலே, பெயின்ட் கடுகளவு கொப்புளமாக எழும்பியிருக்கும். நகத்தால் நெண்டினால் தோல் உரிந்து வெள்ளைப் பொடி கொட்டும். இரும்பு துருப்பிடிக்கும், செம்பில் பச்சைக் களிம்பு ஏறும், அலுமினியம் பூக்கும். பூத்த இடத்தைத் துடைத்துவிட்டு அதன் மேலேயே ஸ்பிரே அடித்தால் சில மாதங்களுக்குக் கண்ணில் படாது. பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் பளபளக்கும் காலைப் பார்த்து மயங்க வேண்டாம். பெயின்ட் மங்கி, ஆனோடு (காலுக்குப் பதில் தேய்வதற்காகவே பொருத்தும் உலோகக் கட்டி) பாதி தேய்ந்திருக்கிறதா, அதுதான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட எஞ்சின்.

அதே எஞ்சினுக்கு இன்னொரு கோளாறும் இருக்கும். காலையில் பத்து இழுப்பு இழுத்தாலும் பிடிக்காது. பிடித்தாலும் நடுக்கடலில் விட்டு விட்டு ஓடும். முதல் கோளாறைப் பெயின்டரிடமும் இரண்டாவதை மெக்கானிக்கிடமும் கொண்டுபோவது வழக்கம். ஆனால் இரண்டுக்கும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: கரண்ட் போகவேண்டிய வழியில் போகிறதா, இல்லை தானே ஒரு வழி தேடிக்கொண்டதா?

முதலில் எர்த் என்ற சொல்லைப் பார்ப்போம். வீட்டில் எர்த் என்றால் மண்ணில் புதைத்த கம்பி. பைக்கில் எர்த் என்றால் பாடி. விளக்குக்கு ஒரு வயர் கொடுத்தால் போதும், இன்னொன்று சேஸிஸ் வழியாகத் திரும்பிவிடும். ஃபைபர் படகில் மண்ணும் இல்லை, பாடியும் இல்லை. அங்கே எர்த் என்பது எஞ்சின் பிளாக்கும் (சிலிண்டர் உள்ள வார்ப்பு உடல்), அதிலிருந்து பேட்டரி மைனஸுக்குப் போகும் ஒரே ஒரு தடித்த கறுப்பு வயரும்தான். பைக் பழக்கத்தில் எல்.இ.டி. விளக்கின் மைனஸையோ ஜி.பி.எஸ். மைனஸையோ எஞ்சினைப் படகில் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டில் முறுக்கிவிடுகிறார்கள். அந்தக் கரண்ட் பிளாக்குக்குப் போகவேண்டுமானால் கிளாம்புக்கும், எஞ்சின் தலையையும் கீழ்க்காலையும் இணைக்கும் நடுக்காலுக்கும் இடையில் உள்ள பிளாஸ்டிக் புஷ், கிரீஸ், பின் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். தாண்டும், ஆனால் ஒழுங்காகத் தாண்டாது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒவ்வொரு கருவிக்கும் மைனஸ் வயர் தனியாக பேட்டரிக்கே திரும்பி வரவேண்டும். இரண்டு மீட்டர் வயரை மிச்சம் பிடிக்கும் இடமல்ல இது.

இனி அரிப்பு. கடல்நீரில் ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு மின்னழுத்தம் உண்டு. வெள்ளி–வெள்ளிக்குளோரைடு முனையை அளவுகோலாக வைத்தால் மக்னீசியம் ஏறத்தாழ -1.6 வோல்ட், ஆனோடுக்கான அலுமினியக் கலவை -1.10, ஜிங்க் -1.03, எஞ்சின் காலின் அலுமினிய வார்ப்பு -0.75 சுற்றுவட்டம், இரும்பு -0.6 முதல் -0.7, செம்பும் வெண்கலமும் -0.3 பக்கம், நல்ல நிலையில் உள்ள 316 ஸ்டெயின்லெஸ் 0 முதல் -0.1. இரண்டு உலோகங்களை ஒரே நீரில் வைத்து உலோகத்தாலும் தொட்டால், அதிக மைனஸில் இருப்பது தேய்ந்து மற்றதைக் காப்பாற்றும். எஞ்சின் காலுக்குள் ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகளும் இருக்கின்றன, சுற்றிலும் அலுமினியம். ஆகவே பேட்டரியே இல்லாத, கயிறு இழுத்துக் கிளப்புகிற 5 எச்.பி. எஞ்சினும் நீரில் இறங்கிய நொடியில் தானே ஒரு பேட்டரி ஆகிவிடுகிறது. தேய்கிற பக்கம் அலுமினியம்.

அதைவிட மைனஸான ஒரு கட்டியைக் காலில் பொருத்தி, அலுமினியத்துக்குப் பதில் அதைத் தேயவிடுவதுதான் ஆனோடு. எந்த உலோகமானாலும் பலரும் அதை 'ஜிங்க்' என்றே சொல்கிறார்கள். இந்தக் கட்டி வேலை செய்ய இரண்டு வழிகள் திறந்திருக்க வேண்டும். ஒன்று உலோக வழி: கட்டியிலிருந்து காக்க வேண்டிய பாகம் வரை தடையில்லாத தொடர்பு. இன்னொன்று நீர் வழி: இரண்டும் ஒரே நீரில் மூழ்கியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று அடைபட்டாலும் ஆனோடு வெறும் எடைதான். சின்ன அவுட்போர்டுகளின் அரிப்பில் பெரும்பகுதிக்கு இந்த இரண்டு வரியே விளக்கம்.

நீர் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். எஞ்சினை மேலே சாய்த்து நிறுத்தியிருக்கும்போது கால் காற்றில் இருக்கிறது. அப்போது எவ்வளவு பெரிய ஆனோடும் உதவாது. கரையில் ஏற்றிய படகிலும், தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோன எஞ்சினிலும் இதே கதைதான். உப்பு காய்ந்துவிட்டது என்று நினைப்போம். சாப்பாட்டு உப்பு 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோர இரவுக் காற்று இந்த அளவுகளுக்கு மேலேதான் இருக்கும். எனவே எஞ்சின் மேல் படிந்த உப்பு காய்வதே இல்லை. கீறல் விழுந்த இடத்தில் ஒரு சொட்டுக் கடல் எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மருந்து நன்னீரும் பெயின்ட்டும்தான், ஜிங்க் அல்ல. எஞ்சினுக்குள் உள்ள குளிர்நீர்ப் பாதையும் அப்படித்தான்: வெளியே காலில் உள்ள கட்டி அவ்வளவு தூரம் உள்ளே எட்டாது. அதனால்தான் பல ஃபோர்ஸ்ட்ரோக் எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டிலோ பிளாக்கிலோ சின்ன உள் ஆனோடுகள் வைத்திருப்பார்கள். வெளிக்கட்டியை மாற்றுகிறவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. எஞ்சினின் கையேட்டில் படம் இருக்கும்.

உலோக வழி இன்னும் வஞ்சகமானது. ஆனோடு பொருத்தும் இடத்தில் பெயின்ட் இருந்தால் வழி அடைபட்டது. போல்ட் துளைக்குள் உப்பும் வெள்ளைப் பொடியும் இறுகியிருந்தால் அடைபட்டது. ஆனோடின் மேலேயே பெயின்ட் அடித்திருந்தால் நீர் வழியும் சேர்ந்து அடைபட்டது. மூன்று மாதம் கழித்தும் கட்டி புதுசு போல மினுங்கினால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அது வேலைக்கே போகவில்லை. வேலை செய்யும் கட்டி சொரசொரப்பாக, குழி குழியாக, சாம்பல் படிந்து அசிங்கமாகத்தான் இருக்கும்.

சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஓம் அளவில் வைத்து, முதலில் இரண்டு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். சாதாரண மீட்டர் 0.2 முதல் 0.5 ஓம் காட்டும். அது மீட்டர் வயரின் தடை, கழித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு முனையை ஆனோடின் சுரண்டிய இடத்திலும் மற்றதை எஞ்சின் பிளாக்கின் வெற்று போல்ட்டிலும் வையுங்கள். கழித்தது போக 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். அடுத்து ஆனோடிலிருந்து கிளாம்ப் பிராக்கெட், நடுக்கால், கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக. பெரிய எஞ்சின்களில் பிராக்கெட்டுக்கும் நடுக்காலுக்கும் இடையில் பின்னல் வயரோ சின்னக் கறுப்பு வயரோ வளைந்து போகும். அதை ஏதோ தேவையில்லாத மிச்ச வயர் என்று நினைத்து வெட்டிப்போடுகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் புஷ் பிரித்துவைத்த உலோகத்தை மறுபடி சேர்ப்பதே அதன் வேலை. அது அறுந்த நாளிலிருந்து பிராக்கெட்டில் உள்ள ஆனோடு பிராக்கெட்டுக்கு மட்டுமே காவல்.

பொருத்தும் முறை: பழைய கட்டியைக் கழற்றி, அது உட்காரும் முகத்தை 120 நம்பர் எமரித்தாளில் வெள்ளி தெரியும்வரை தேய்க்கவும். போல்ட் துளையையும் கம்பி பிரஷால் சுத்தம் செய்யவும். பிரஷ் ஸ்டெயின்லெஸாக இருக்கட்டும், இரும்பு பிரஷ் அலுமினியத்தில் இரும்புத் துகளைப் பதித்துவிட்டுப் போகும், ஒவ்வொரு துகளும் ஒரு குழிக்கு விதை. கட்டியும் காலும் தொடும் முகத்தில் கிரீஸ், சீலன்ட் எதுவும் கூடாது. போல்ட்டின் மரையில் மட்டும் மெரைன் கிரீஸ் கொஞ்சம். மரை இறுகிப்போகாமல் இருக்கப் பூசும், செம்புத்தூள் கலந்த ஆன்டிசீஸ் பசை இங்கே விஷம். மேலே சொன்ன வோல்ட் வரிசையில் செம்பு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதி கரைந்ததும் கட்டியை மாற்றிவிட வேண்டும், முழுக்கக் கரையட்டும் என்று காத்திருந்தால் அடுத்து கரைவது கால்.

எந்தக் கட்டி? உப்பு குறையாத கடல் என்றால் ஜிங்க்கோ அலுமினியமோ. பழவேற்காடு ஏரி போல மழைக்காலத்தில் நீரில் உப்பு குறைந்து, கோடையில் உப்பேறும் இடத்திலும், ஆற்று முகத்துவாரத்திலும் அலுமினியக் கட்டிதான் சரி. உப்புக் குறைந்த நீரில் ஜிங்க்கின் மேல் கெட்டியான ஓடு படிந்துவிடும். மறுபடி கடலுக்குப் போனாலும் அந்த ஓடு உடனே உடைவதில்லை. அலுமினியக் கட்டி என்பது சமையல் பாத்திர அலுமினியமல்ல; ஏறக்குறைய 5 சதவீத ஜிங்க்கும் 0.02 சதவீத இண்டியமும் கலந்தது. இண்டியம் இல்லாவிட்டால் அலுமினியம் தன் ஆக்சைடு தோலுக்குள் ஒளிந்துகொண்டு தேயவே தேயாது. ஒரு கிலோ ஜிங்க் 780 ஆம்பியர்-மணி கொடுத்தால் இந்தக் கலவை ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2,500 கொடுக்கும். கடலுக்குப் போகும் சின்ன எஞ்சினுக்கு இனி ஜிங்க் வாங்கவே காரணம் இல்லை என்பது என் கணக்கு. மக்னீசியம் நன்னீருக்கு மட்டும். கடலில் அதைப் போட்டால் காலை அளவுக்கு மீறி மைனஸுக்கு இழுக்கும். அலுமினியம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும் உலோகம். அதிகமாகக் காத்தால் அதன் முகத்தில் காரம் சேர்ந்து பெயின்ட் தாள் தாளாக உரியும். காப்பாற்றப் போட்டதே அழித்துவிடும்.

பட்டறையில் உருக்கி வார்த்த மலிவுக் கட்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆனோடு ஜிங்க்கில் இரும்பு 0.005 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு கிலோவில் 50 மில்லிகிராம். ஜிங்க் கலவையில் வார்த்த பழைய கார்புரேட்டரையும் பூட்டையும் இரும்புச் சட்டியில் உருக்கி வார்த்தால் சட்டியிலிருந்தே அதைவிட அதிகம் கரைந்துவிடும். பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

காப்பு போதுமா என்று அளக்க விலையுள்ள முனை எதுவும் வேண்டாம். புது ஜிங்க் துண்டு ஒன்றைத் தேய்த்து, வயரில் கட்டி, எஞ்சின் காலிலிருந்து ஓர் அடி தள்ளிக் கடலில் தொங்கவிடுங்கள். வயர் இணைப்பு நீருக்கு மேலே இருக்கட்டும். சில நிமிடம் கழித்து டி.சி. வோல்ட்டில் மீட்டரின் கறுப்பு முனையை ஜிங்க் வயரிலும், சிவப்பை எஞ்சின் பிளாக்கிலும் வைக்கவும். அலுமினியக் கால் -0.95 முதல் -1.10 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், ஜிங்க் -1.03 என்பதால் மீட்டரில் இது +0.08க்கும் -0.07க்கும் இடையில் வரும். +0.25 பக்கம் காட்டினால் காவல் இல்லாத அலுமினியம். -0.1ஐத் தாண்டி மைனஸில் போனால் காவல் மிஞ்சிவிட்டது. எஞ்சின் சில மணி நேரமாவது அசையாமல் நீரில் நின்ற பிறகு எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது.

கட்டி சில வாரங்களிலேயே கரைந்துபோனால் மூன்றைச் சந்தேகிக்கலாம். படகின் அடியில் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ட்டை எஞ்சின் கால்வரை இழுத்து அடித்திருப்பது. காலில் அந்தப் பெயின்ட் கூடவே கூடாது, டிரான்ஸத்திலும் (எஞ்சின் மாட்டும் பின்பலகை) எஞ்சினைச் சுற்றி ஓர் அங்குலமாவது வெறுமையாக விடவேண்டும். அலுமினியப் புரொப்பல்லரை மாற்றி ஸ்டெயின்லெஸ் போட்டிருப்பது. அதன் முகப்பரப்பு முழுவதையும் கட்டி சுமக்கிறது. மூன்றாவது, பேட்டரியிலிருந்து கசியும் கரண்ட்.

இந்த மூன்றாவதில்தான் எர்த்தும் அரிப்பும் ஒன்றாகின்றன. விதி ஒன்றே: கரண்ட் உலோகத்தை விட்டு நீரில் இறங்கும் இடம் தேயும், நீரிலிருந்து உலோகத்துக்கு ஏறும் இடம் தேயாது. பிளஸ் வயர் ஒன்று உரிந்து நீரில் கிடந்தால் முதலில் கரைவது அந்த வயரும் அது தொடும் உலோகமும்தான். மைனஸில் கட்டப்பட்ட எஞ்சின் தப்பிக்கும். எஞ்சின் கரைவது வேறு விதமாக. ஒரே படகில் இரண்டு எஞ்சின்; ஒன்றின் மைனஸ் லக்கில் (வயர் நுனியில் போல்ட் நுழையும் உலோக வளையம்) களிம்பு ஏறித் தடை வந்துவிட்டது. அந்த எஞ்சினில் எங்கோ பிளஸ் உரசுகிறது. கறுப்பு வயர் வழி அடைத்திருப்பதால் கரண்ட் காலிலிருந்து கடலுக்குள் இறங்கி, பக்கத்து எஞ்சினின் காலில் ஏறி பேட்டரிக்குத் திரும்புகிறது. 100 மில்லிஆம்பியர்தான் என்றாலும் ஒரு நாளைக்கு 0.8 கிராம் அலுமினியம் கரையும்; 1 ஆம்பியர் ஒரு வருடம் ஓடினால் 2.9 கிலோ. நிறுத்திவைத்த படகில் பேட்டரி பிளஸைக் கழற்றி, பிளஸ் வயரின் கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்தால், எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும்போது சுழியம் காட்ட வேண்டும். இரண்டு எஞ்சின் இருந்தால் அவற்றின் மைனஸ்களைத் தடித்த வயரால் ஒன்றாக இணைத்தே தீரவேண்டும். பேட்டரி தனித்தனியாக இருந்தாலும் சரி.

ஸ்டார்ட்டர் உள்ள எஞ்சினில் கறுப்பு வயரின் நிலையை ஓம் மீட்டரால் கண்டுபிடிக்க முடியாது. நூறு இழையில் ஒன்றே மிச்சமிருந்தாலும் மீட்டர் 'தொடர்பு உண்டு' என்று சொல்லிவிடும். 0.01 ஓம் என்பது மீட்டருக்குப் பூஜ்ஜியம். 100 ஆம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டருக்கு அது ஒரு முழு வோல்ட் இழப்பு. அதனால் சுமை கொடுத்து அளக்க வேண்டும். கில் கயிற்றை (ஓட்டுகிறவர் உடம்பில் மாட்டிக்கொள்வது; கழன்றால் எஞ்சின் நிற்கும்) பிடுங்கிவிட்டு, ஒரு முனையை பேட்டரியின் ஈய முனையிலேயே, கிளாம்பில் அல்ல, வைத்து, மற்றதை பிளாக்கில் வைத்து ஸ்டார்ட்டரை மூன்று விநாடி சுற்றவும். 0.2 வோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் இரண்டு முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்யவும். எர்த் கெட்டுப்போன ஸ்டார்ட்டர் கரண்ட் சில சமயம் த்ராட்டில் கேபிளின் இரும்பு உறை வழியாகத் திரும்பி, அதன் பிளாஸ்டிக்கை உருக்கியும் விடும்.

பேட்டரி இல்லாத சின்ன எஞ்சினில் எர்த்தின் கதை இக்னிஷனோடு சேர்ந்தது. பிளக்கில் பொறி தெறித்த கரண்ட் பிளாக் வழியாகத்தான் அந்தப் பொறியை உண்டாக்கும் காயிலுக்குத் திரும்புகிறது. காயிலைப் பிடித்திருக்கும் போல்ட்டின் அடியில் உள்ள கறுப்பு வயர் லக் பூத்திருந்தால் பொறி நீலமாக வராமல் மெலிந்து மஞ்சளாக வரும். காயில், சி.டி.ஐ. (இக்னிஷனை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி) இரண்டையும் காசு கொடுத்து மாற்றுவதற்கு முன்னால் அந்த ஒரு போல்ட்டைக் கழற்றிப் பார்க்கலாம்.

இதைவிட ஆபத்தானது ஸ்டாப் ஸ்விட்ச். இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டாப் என்பது கரண்ட்டைத் துண்டிப்பதல்ல, இக்னிஷனை எர்த்தில் சேர்ப்பது. ஆகவே ஸ்விட்சின் எர்த் வயர் அரித்துப்போனால், ஆள் தவறி விழுந்து கில் கயிறு கழன்றாலும் எஞ்சின் நிற்காது. மாதம் ஒருமுறை ஐடிலில் ஓடும்போது கயிற்றைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும், வயரை ஆட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: ஸ்விட்சுக்குள் உப்புநீர் புகுந்தால் அதுவே அரைகுறை எர்த் ஆகி, பொறியைத் திருடும். பொறி வராத எஞ்சினில் ஸ்டாப் வயரைக் கழற்றிவிட்டு இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் குற்றவாளி அந்த ஸ்விட்ச். இப்படிக் கிளப்பினால் சோக்கை இழுத்துத்தான் நிறுத்த முடியும் என்பதைக் கிளப்புவதற்கு முன்பே நினைவில் வைக்கவும்.

எர்த் முனை போடுவதில் தவறாக நடப்பது வாஷர் வரிசை. சுத்தமான உலோகம், அதன் மேல் நேரடியாக லக், அதன் மேல் வாஷர், பிறகு போல்ட். லக்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஸ்டெயின்லெஸ் வாஷர் வைத்தால் மட்டமான கடத்தியை வழியில் உட்கார வைத்த கணக்கு. இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசலாம், இறுக்குவதற்கு முன் அல்ல. வயர் ஈயம் பூசிய செம்பு இழையாக இருக்கட்டும். சாதாரண வீட்டு வயரில் களிம்பு உறைக்குள்ளேயே ஓர் அடி தூரம் ஏறிப் போயிருக்கும், வெளியில் தெரியாது. முனையைச் சும்மா முறுக்கி டேப் சுற்றாமல், கிரிம்ப் செய்து (லக்கை வயரோடு நசுக்கிப் பிடிக்கவைத்து), உள்ளே பசை உள்ள சுருங்கு குழாய் போட்டு மூட வேண்டும். கருப்பு டேப் நீரைத் தடுப்பதில்லை, உள்ளே பிடித்து வைக்கிறது.

தினப்படி வேலை எளிது. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மை மேல்பக்கம் வெட்டி, புரொப்பல்லருக்கு மேலுள்ள தட்டு மூழ்கும்வரை நன்னீர் ஊற்றி, நியூட்ரலில் ஐடிலாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டவும். இரண்டு நிமிடம் போதாது. தெர்மோஸ்டாட் சூடாகித் திறந்தால்தான் உள்பாதை முழுக்க நன்னீர் போகும். டிரம் நீர் நாலைந்து தடவையில் கரித்துவிடும், நாக்கில் வைத்துப் பார்த்து மாற்றவும். ஓட்டி முடித்ததும் எஞ்சினை நேராக நிறுத்தி வடியவிடுங்கள். தோளில் தூக்கிப்போய்ப் படுக்க வைத்தால் தலைப்பக்கம் எப்போதும் காலைவிட உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுக்காலில் தங்கிய நீர் சிலிண்டருக்குள் போகும்.

பூத்த இடத்தைச் சரிசெய்ய, கொப்புளத்தைச் சுற்றி நல்ல பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருக்கும் எல்லைவரை சுரண்ட வேண்டும். 80 நம்பர், பிறகு 120 நம்பரில் குழியின் அடி வெள்ளியாகும்வரை தேய்த்து, நன்னீரில் கழுவி, காயவைத்து, அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர், அதன் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் நிறம். தேய்த்த அலுமினியத்தை ஒரு இரவு கடற்கரைக் காற்றில் விட்டுவிட்டு மறுநாள் அடிப்பதில் பயனில்லை. ரெட் ஆக்சைடு இரும்புக்கானது.

அலைவாயில் படகு கவிழ்ந்து எஞ்சின் கடலில் விழுந்தால் கணக்கு மணிகளில் நடக்கும். நீருக்குள் இருக்கும்வரை அரிப்பு மெதுவாகத்தான் போகும். வெளியே தூக்கிக் காற்றுப் பட்டதும் கிராங்க் பேரிங்குகள் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்திருந்தால் கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முட்டினால் மேலே இழுக்க வேண்டாம், கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். சுலபமாகச் சுற்றினால், பிளக்கைக் கழற்றி, நன்னீரில் உள்ளும் புறமும் அலசி, பிளக் துளை கீழே பார்க்கப் பிடித்துக் கயிறு இழுத்து நீரை வெளியேற்றி, கார்புரேட்டரைக் காலிசெய்து, சிலிண்டருக்குள் எஞ்சின் ஆயில் விட்டுச் சுற்றி, அன்றே கிளப்பி அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். மெக்கானிக் மறுநாள்தான் வருவார் என்றால் துடைத்துக் காயவைத்துக் காத்திருக்க வேண்டாம். அந்த 200 லிட்டர் டிரம்மில் நன்னீர் நிரப்பி, எஞ்சினை முழுசாக அதற்குள் மூழ்க வைத்துவிடுங்கள்.